சிறுவிடைக் கோழிகளோடு பி.வி.380 கோழிகளைச் சேர்ப்பது எப்படி?

கேள்வி:
வணக்கம். கோபிசெட்டிபாளையத்திற்கு அருகே எங்கள் வீட்டுப் புறக்கடையில் ஆறு சிறுவிடைக் கோழிகளும் (சிறிய உடல்கொண்ட நாட்டுக்கோழி வகை) ஒரு சேவலும் வளர்கின்றன. அவை அடைக்குப் போனால் வீட்டுக்கு முட்டை இல்லாமல் போவதால், சென்ற வாரம் பி.வி.380 என்ற கலப்பின முட்டைக்கோழி வகையில், நான்கு மாத வயதுடைய விடைக்கோழிகள் (இன்னும் முட்டையிடத் தொடங்காத இளங்கோழிகள்) ஐந்தை வாங்கி வந்து, அன்று மாலையே கொட்டகைக்குள் விட்டேன். மறுநாள் முதல் பழைய கோழிகள் அவற்றைத் தீவனத்தை நெருங்கவே விடாமல் கொத்துகின்றன. ஒன்றின் கொண்டையில் இரத்தம் கசிகிறது. தாமே பழகிக்கொள்ளும் என்று விட்டுவிடலாமா? எல்லாவற்றிற்கும் ஒரே தீவனம் போதுமா?

மறுமொழி 1:
இன்றே பிரித்துவிடுங்கள். இரத்தத்தைக் கண்ட கோழிகள் அதே இடத்தைத் திரும்பத் திரும்பக் கொத்தும் என்பதால், காயம்பட்டதை ஆறும்வரை தனியே வைக்க வேண்டும். வெளியிலிருந்து வாங்கிய கோழிகளை மூன்று, நான்கு வாரங்களாவது தள்ளி வைத்து, கழிச்சலோ சளியோ இல்லை என்று உறுதி செய்த பிறகே சேர்த்திருக்க வேண்டும். இனியாவது, வெள்ளைக்கழிச்சல் என்ற கொடிய தொற்றுநோய்க்குத் தடுப்பூசி போடப்பட்டதா என்று விற்றவரிடம் கேட்டு, கால்நடை மருத்துவரிடம் தெரிவியுங்கள். பிறகு கொட்டகையின் நடுவே கம்பிவலை அடித்து, இரு கூட்டமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இரை எடுக்கும்படி இரண்டு வாரம் விடுங்கள். சேர்க்கும்போது ஐந்தையும் ஒன்றாக, மேய்ச்சல் வெளியில் சேர்ப்பது நல்லது, ஏனெனில் துரத்தப்படும் கோழிக்கு ஓட இடம் வேண்டும். தீவனத் தட்டுகளை இரண்டு மூன்று இடங்களில் தள்ளித் தள்ளி வைத்தால், ஒரே கோழி அத்தனையையும் காவல் காக்க முடியாது. யார் முந்தி என்பது முடிவாகும்வரை சிறு கொத்தல் இருக்கத்தான் செய்யும். இரத்தம் வராதவரை குறுக்கிடாதீர்கள்.

மறுமொழி 2:
தீவனத்தைப் பற்றிச் சொல்கிறேன். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து சுமார் 3.5 முதல் 4 விழுக்காடு இருக்கும். வளர்பருவத் தீவனத்தில் அது ஏறக்குறைய 1 விழுக்காடுதான். அந்த மிகுதி சேவலுக்குத் தேவையில்லை, குஞ்சுகளுக்கோ சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆகவே நான் பொதுவாக வளர்பருவத் தீவனத்தையே வைத்து, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைக்கிறேன். முட்டையிடும் கோழி தனக்கு வேண்டியதைத் தானே கொத்திக்கொள்கிறது. காலையில் சிறுவிடைகளை முதலில் மேய்ச்சலுக்குத் திறந்துவிட்டு, பி.வி. கோழிகளுக்கு உள்ளேயே தீவனம் கொடுங்கள். மேய்ச்சலை மட்டும் நம்பினால் அவற்றின் முட்டை குறைந்துவிடும்.

கேட்டவர்:
மிக்க நன்றி, இன்று மாலையே வலை அடிக்கிறேன். பி.வி. கோழியின் முட்டைகளைச் சிறுவிடைக்கு அடை வைக்கலாமா?

மறுமொழி 1:
சேவல் இருப்பதால் குஞ்சு பொரிக்கும். ஆனால் பி.வி.380 கலப்பினம் என்பதால், குஞ்சுகள் தாயைப் போல முட்டையிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். அடைக்கோழியைத் தனியே பஞ்சாரத்தில் (மூங்கில் கூடையில்) கவிழ்த்து, வைத்த முட்டைகளில் பென்சிலால் குறியிட்டுவிடுங்கள். இல்லையெனில் மற்றவை அதே கூட்டில் முட்டையிட்டு, 21ஆம் நாளில் எது எப்போது வைத்தது என்றே தெரியாமல் போகும்.