கோழி சேராத வயசான நாய்க்கு எந்த ட்ரை ஃபுட் வாங்கலாம்? உடனே சொல்லுங்க

மண்டபம்_மீனா (மே 6)
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் நாய் மணிக்குக் கோழி ஒத்துக்கொள்ளவில்லை. ராத்திரி முழுக்கச் சொறிகிறான், அவனும் தூங்குவதில்லை, வீட்டில் யாரும் தூங்க முடியவில்லை. வயதும் ஆகிவிட்டது. கோழி இல்லாத நல்ல ட்ரை ஃபுட் ஒன்று வேண்டும். தம்பி நாளைக்கு ராமநாதபுரம் போகிறான், பெயர் சொன்னால் வாங்கிவரச் சொல்லிவிடுவேன். சீக்கிரம் சொல்லுங்க.

கீழக்கரை_ஹாஜா
வயது எத்தனை? எடை எவ்வளவு? நாட்டு நாயா, லேப்ரடாரா? இப்போது என்ன சாப்பிடுகிறான்? உடம்பில் எங்கே சொறிகிறான்? இதெல்லாம் தெரியாமல் எந்தப் பெயரைச் சொல்வது?

ஏர்வாடி_பாண்டி
அக்கா, கோழி சூடு. இந்த மே மாத வெயிலில் கோழி போட்டால் எந்த நாய்க்கும் உடம்பு அரிக்கும். தயிர்சோறு போடுங்க, வேப்பிலையை அரைத்துப் பூசிக் குளிப்பாட்டுங்க. எங்கள் வீட்டில் எல்லா நாய்க்கும் இதுதான் வைத்தியம். டாக் ஃபுட்டே வேண்டாம்.

தங்கச்சிமடம்_ஜெனி
மீன் போட்ட ட்ரை ஃபுட் வாங்குங்க அக்கா. கோழி சேராத நாய்க்கு எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். இல்லையென்றால் வீட்டிலேயே மீன் அவித்துச் சோற்றில் பிசைந்து போடலாம், நம் ஊரில் மீனுக்கா பஞ்சம்?

வேட்டைத்துணை (மூத்த உறுப்பினர்)
இந்தக் கேள்வியை வாரத்துக்கு ஒருவர் கேட்கிறீர்கள். மேலே தேடும் பெட்டி இருக்கிறது, முதலில் அதில் தேடிப் படித்துவிட்டு வரலாம். வருடக்கணக்கில் ராஜபாளையம் வளர்க்கிறவன் சொல்கிறேன், கோழிமேல் ஒரு குற்றமும் இல்லை. கோதுமையும் மக்காச்சோளமும்தான் எல்லாவற்றுக்கும் காரணம். தானியமே இல்லாத கிரெய்ன் ஃப்ரீ வாங்குங்கள், சரியாகிவிடும்.

மண்டபம்_மீனா
ஹாஜா அண்ணே, வயது 11. நாட்டு நாய்தான், கொஞ்சம் சிப்பிப்பாறை கலந்தது என்று அப்பா சொல்வார். எடை 18 கிலோ. முன்னங்கால் விரலிடுக்குகளை நக்கிக்கொண்டே இருக்கிறான், அங்கே வெள்ளை முடியெல்லாம் செம்பழுப்பாக மாறிவிட்டது. இரண்டு காதும் உள்ளே சிவந்து புளித்த வாடை வருகிறது. மூன்று வயதிலிருந்தே அவ்வப்போது காதில் சீழ் வைக்கும், சொட்டு மருந்து விட்டால் அடங்கும். இப்போது அடங்கவில்லை. கோழி ட்ரை ஃபுட்டை நிறுத்தி, ஆட்டுக்கறி ட்ரை ஃபுட்டுக்கு மாற்றிக் கொஞ்ச நாள் ஆகிறது. ஒரு மாற்றமும் இல்லை.

கீழக்கரை_ஹாஜா
ஆட்டுக்கறி ட்ரை ஃபுட் பாக்கெட்டா, லூஸா? பாக்கெட் என்றால் பின்பக்கம் பொருள் பட்டியலைப் போட்டோ எடுத்துப் போடுங்க.

மண்டபம்_மீனா
லூஸ்தான் அண்ணே. மூட்டையிலிருந்து எடை போட்டுத் தருவார்கள்.

உச்சிப்புளி_ராணி
மீனா, லூஸை இன்றோடு நிறுத்தும்மா. நானும் அப்படி வாங்கியவள்தான். கடையில் நாலைந்து மூட்டை வாய் திறந்தபடி வரிசையாக இருக்கும், ஒரே அள்ளுகரண்டி எல்லாவற்றுக்குள்ளும் போய்வரும். அந்தக் கரண்டியில் ஒட்டி வரும் கோழித்தூளே போதும். மூட்டையின் மேலே ஆட்டுப் படம் பெரிதாக இருக்கும். தையல் பக்கம் திருப்பி, பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலை ஒருநாள் நிதானமாகப் படித்தேன். முதலில் அரிசி, அடுத்து மக்காச்சோளம், அதற்கடுத்துக் கோழி இறைச்சித்தூள், அப்புறம் கோழிக்கொழுப்பு. ஆட்டுக்கறி அதற்கும் கீழே. முன்பக்கம் இருப்பது வாசனைக்குச் சேர்த்த பெயர். படத்தைப் பார்த்து வாங்காதே, பட்டியலைப் பார்த்து வாங்கு.

இன்னொன்று, நம் கடலோர ஈரக்காற்றில் திறந்த மூட்டையில் கண்ணுக்குத் தெரியாத தீவனச் சிற்றுண்ணி (மைட்) பெருகும். சில நாய்களுக்கு அதுவே அரிப்பு கிளப்பும். சின்ன பாக்கெட்டாக வாங்கி, காற்றுப்புகாத டப்பாவில் போட்டு, சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும்.

ராம்நாடு_சுகுமார்
ஜெனிக்கு ஒரு கேள்வி. மே மாதம் மீனுக்கு எங்கே போவது? ஜூன் 14 வரை தடைக்காலம். சந்தையில் இருப்பது கேரளாவிலிருந்து வரும் ஐஸ் மீன். மனுசன் வாங்கவே விலை கையைக் கடிக்கிறது, இதில் நாய்க்கு தினமும் மீனா?

பாம்பன்_நாட்டுப்படகு
சுகுமார் அண்ணே, தெரியாமல் பேசாதீங்க. ஏப்ரல் 15இலிருந்து 61 நாள் தடை விசைப்படகுக்கு. வல்லம், வத்தை மாதிரி நாட்டுப்படகுகள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. சூடை, முரல், காரல், நகரை எல்லாம் கரைக்கு வருகின்றன. தடைக்காலம் என்றாலே கடலில் யாருமே இல்லாத மாதிரிப் பேசுவது எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது. நாட்டுப்படகுக்காரனுக்கு நாலு காசு நல்ல விலை கிடைப்பதே இந்த இரண்டு மாதத்தில்தான்.

ராம்நாடு_சுகுமார்
வருத்தப்பட இதில் ஒன்றும் இல்லை தம்பி. நான் சந்தை விலையைச் சொன்னேன். கரைக்கு வருவது கரையிலேயே ஏலம் போய்விடுகிறது, ராமநாதபுரத்துக்கு எங்கே வருகிறது? முன்பு 45 நாளாக இருந்த தடையை 61 ஆக்கியதிலிருந்து வாங்குகிறவன் பாடு திண்டாட்டம்தான்.

பாம்பன்_நாட்டுப்படகு
வாங்குகிறவன் பாடு மட்டும்தான் தெரிகிறது உங்களுக்கு. மற்ற மாதங்களில் விசைப்படகு திங்கள், புதன், சனி போய் அடிமட்டத்தை வாரிவிட்டு வந்தபிறகு, மிச்ச நாளில் எங்கள் வலையில் என்ன விழுகிறது என்று ஒருநாள் வந்து பாருங்க. குஞ்சு பெருகத்தான் தடை. 61 நாளும் காணாது என்பேன் நான்.

தங்கச்சிமடம்_ஜெனி
சரி சரி, மீன் இல்லாவிட்டால் கருவாட்டைத் தண்ணீரில் ஊறவைத்துக் கொடுக்கலாமே?

உச்சிப்புளி_ராணி
கருவாடு வேண்டாம் ஜெனி. எத்தனை முறை அலசினாலும் உப்பு முழுதாகப் போகாது. 11 வயது நாயின் கிட்னிக்கு அது ஆகாது. படகுப் பேச்சைத் தனியாக ஒரு இழையில் வைத்துக்கொள்ளுங்கள் அண்ணன்மாரே, பிள்ளை நாளைக்குக் கடைக்குப் போகிறான்.

கால்நடை_நெல்லை
ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரியில் படித்தவன், இப்போது தோல் நோய்களை அதிகம் பார்க்கிறேன். மீனாக்கா, நாளைக்கே எதையும் வாங்க வேண்டாம். இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கோழிதான் என்று எப்படித் தெரிந்தது? கோழியை நிறுத்தியும் குறையவில்லை என்றால், நிறுத்தியது முழுதாக நிற்கவில்லை, அல்லது காரணம் வேறு. 2016இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், உணவு அலர்ஜி உறுதியான 297 நாய்களைக் கணக்கெடுத்தார்கள். மாட்டிறைச்சிக்கு 34 சதவீதம், பாலுக்கு 17, கோழிக்கு 15, கோதுமைக்கு 13. ஆகவே பாண்டி அண்ணன் சொன்ன தயிரும் சந்தேகப் பட்டியலில் உண்டு. கோதுமையும் உண்டு, ஆனால் எல்லாவற்றுக்கும் அதுவே காரணம் என்று சொல்ல முடியாது. கிரெய்ன் ஃப்ரீ உணவுக்கும் இதயம் விரிந்து பலவீனமாகும் நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018இல் விசாரிக்கத் தொடங்கியது. வயதான நாய்க்குக் காரணமில்லாமல் அதன் பக்கம் போக வேண்டாம்.

இனி மீன். சென்னையிலோ கோவையிலோ கோழியும் ஆடும் மட்டுமே தின்று வளர்ந்த நாய்க்கு மீன் உணவு கொடுத்துப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. உடம்பு அதுவரை பார்க்காத புரதமாக இருக்க வேண்டும், கணக்கு அவ்வளவுதான். மண்டபத்து நாய் பல் முளைத்த நாளிலிருந்து மீன் தலையும் குடலும் தின்றிருக்கும். மணிக்கு மீன் புதிது அல்ல, மீனே காரணமாகவும் இருக்கலாம். கோழிப் புரதத்துக்கும் மீன் புரதத்துக்கும் சில நாய்களின் உடம்பு ஒரேமாதிரி எதிர்ப்புக் காட்டுகிறது என்பதையும் ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். அதோடு, ஐஸ் சரியாகப் போடாத சாளை, அயிலை, சூரையில் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் சேரும். அதுவே தோலைச் சிவக்கவைக்கும், அலர்ஜி என்று ஏமாந்துபோவோம். நம் கரையோரத்தில் மீன் உணவை முதல் தேர்வாகச் சொல்ல எனக்கு மனம் வராது.

மணிக்கு நான் சொல்வது ஹைட்ரலைஸ்டு புரத ட்ரை ஃபுட். புரதத்தை மிகச் சிறிய துண்டுகளாக உடைத்துச் செய்வது. பெரிய கண் வலையில் நெத்திலி நழுவிப்போவது போல, அந்தத் துண்டுகள் பெரும்பாலும் உடம்பின் எதிர்ப்புக்குச் சிக்காமல் போய்விடும். ராயல் கேனின் ஹைபோஅலர்ஜெனிக் சோயாவை உடைத்துச் செய்தது. ஹில்ஸ் இசட்/டி கோழி ஈரலை உடைத்துச் செய்தது, கோழிமேல் சந்தேகம் இருக்கும்போது அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம். ஃபார்மினா அல்ட்ராஹைபோ மீனிலிருந்து, மணிக்கு வேண்டாம். இவை மருத்துவ உணவுகள். டாக்டர் எழுதிக்கொடுத்த பிறகு வாங்குங்கள். விலை அதிகம், உண்மைதான். ஆனால் லூஸ் தீவனத்துக்கும் காது மருந்துக்கும் மாறி மாறிச் செலவழிப்பதைக் கூட்டிப் பாருங்கள்.

8 வாரம் அது மட்டுமே, தண்ணீர் மட்டுமே. பிஸ்கட், எலும்பு, பால், சாப்பாட்டுத் தட்டு மிச்சம் எதுவும் கூடாது. இறைச்சி வாசனை சேர்த்த பூச்சி மாத்திரையும் கூடாது. உண்ணிக்குக் கழுத்தில் விடும் சொட்டு மருந்து கேளுங்கள். 8 வாரத்தில் அரிப்பு அடங்கினால் பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் அரிப்பு திரும்பினால்தான் உணவு அலர்ஜி உறுதி. இந்தக் கடைசிப் படியை நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள்.

அதற்கு முன் மூன்று வேலை. காதிலிருந்து பஞ்சில் எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். புளித்த வாடை என்றால் பெரும்பாலும் ஈஸ்ட் என்ற பூஞ்சை, அதற்கு மருந்து போடாமல் எந்த உணவு மாற்றினாலும் பலன் தெரியாது. உண்ணி, தெள்ளு பார்க்க வேண்டும். 11 வயது என்பதால் ரத்தத்தில் கிட்னிக்கான கிரியாட்டினின், தைராய்டு, கூடவே சிறுநீர்ப் பரிசோதனை. முதல் அரிப்பே இந்த வயதில் என்றால் உணவை விட்டுவிட்டு வேறு நோயைத்தான் தேடியிருப்பேன். மூன்று வயதிலிருந்து காதுத் தொந்தரவு வருகிறது என்பதால்தான் உணவையும் சந்தேகிக்கிறேன்.

வேட்டைத்துணை (மூத்த உறுப்பினர்)
இவ்வளவு சுற்றுவழி எதற்கு? ரத்தம் எடுத்து மதுரை லேபுக்கு அனுப்பினால் எது எதற்கு அலர்ஜி என்று பட்டியலே வரும். புத்தகப் படிப்பு வேறு, வளர்த்த அனுபவம் வேறு.

கால்நடை_நெல்லை
பட்டியல் வரும் சார், அதை நம்பித் தீவனம் மாற்ற முடியாது. உணவு அலர்ஜிக்கு ரத்தம், எச்சில், முடிப் பரிசோதனைகள் சரியான விடை தருவதில்லை. நல்ல நாய்க்கும் பத்துப் பொருள் அலர்ஜி என்று வரும். விலக்கிப் பார்த்து, திரும்பக் கொடுத்துப் பார்ப்பது ஒன்றே வழி.

கீழக்கரை_ஹாஜா
மீனா, மணி வீட்டில் கட்டிப்போட்ட நாயா, அவிழ்த்துவிட்ட நாயா? இதை யாருமே கேட்கவில்லை.

மண்டபம்_மீனா
பகலில் கரைப்பக்கம் போவான் அண்ணே. வலை பின்னும் கொட்டகையில் எல்லாருக்கும் செல்லம். டீ வரும்போது அவனுக்கும் பன் உண்டு, பாலில் நனைத்துக் கொடுப்பார்கள்.

கீழக்கரை_ஹாஜா
அதானே பார்த்தேன். கோதுமையும் பாலும் தினமும். எந்த ட்ரை ஃபுட் வாங்கினாலும் அந்த பன் நிற்காமல் ஒன்றும் தெரியாது.

உச்சிப்புளி_ராணி
அவர்களிடம் ஒரு டப்பா மணி சாப்பாட்டையே கொடுத்துவை. பன்னுக்குப் பதில் அதில் நாலு உருண்டை போடட்டும். அவர்களுக்கும் கொடுத்த திருப்தி, அவனுக்கும் கேடில்லை. வயதான நாய்க்குப் பல் ஆடும், உருண்டையை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கொடு, கொதிநீர் வேண்டாம். பழையதோடு கலந்து ஒரு வாரத்தில் படிப்படியாக மாற்று, திடீரென்று மாற்றினால் வயிறு போகும்.

கால்நடை_நெல்லை
அளவும் சொல்லிவிடுகிறேன். 18 கிலோ வயதான நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 750 கலோரி, ட்ரை ஃபுட்டில் ஏறக்குறைய 200 கிராம். பாக்கெட்டில் போட்ட கலோரியைப் பார்த்துச் சரிசெய்யுங்கள். கொட்டகையில் போடும் உருண்டைகளும் இந்த 200க்குள்தான்.

ஏர்வாடி_பாண்டி
டாக்டர் தம்பி, வேப்பிலைக் குளியலாவது போடலாமா கூடாதா?

கால்நடை_நெல்லை
காதுக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொண்டு போடலாம் அண்ணே. புண் இருக்கும் இடத்தில் பூச வேண்டாம்.

தங்கச்சிமடம்_ஜெனி (மே 25)
மீனா அக்கா, என்ன ஆச்சு? மணி எப்படி இருக்கான்?

கீழக்கரை_ஹாஜா (ஜூன் 11)
கேள்வி கேட்டவரைக் காணோமே.

மண்டபம்_மீனா (ஜூலை 19)
எல்லாருக்கும் நன்றி. காதில் ஈஸ்ட் என்றார் டாக்டர், மருந்து போட்டோம். ரத்தத்தில் கிட்னி பரவாயில்லை. சோயா ஹைட்ரலைஸ்டுதான் எழுதிக்கொடுத்தார், மதுரையிலிருந்து வரவழைத்தோம். பன் நின்றுவிட்டது, கொட்டகையில் டப்பா வைத்திருக்கிறோம். விரலிடுக்கில் புது முடி வெள்ளையாக வருகிறது, ராத்திரி தூங்குகிறான். வேலை இருக்கிறது, அப்புறம் எழுதுகிறேன்.

கால்நடை_நெல்லை
மகிழ்ச்சி அக்கா. பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்த்தீர்களா? பாலை முதலில் தனியாகக் கொடுங்கள், அது முடிந்து இரண்டு வாரம் கழித்துக் கோழி.

வேட்டைத்துணை (மூத்த உறுப்பினர்)
நல்லாயிருக்கும் நாய்க்கு மறுபடி கோழி கொடுத்து அரிப்பு வரவைக்கச் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

உச்சிப்புளி_ராணி
மீனா, கேட்டதற்குப் பதில் போடும்மா. என் வீட்டுக் கிழவனுக்கும் அதே தீவனம்தான் வாங்க யோசிக்கிறேன்.