வால் சொன்னது ஒன்று, குட்டி சொன்னது ஒன்று

எலிச் சோதனையில் நாங்கள் மூவர் ஏமாந்த கதைகள், ஒருவர் பின் ஒருவராக. முதலில் என்னுடையது. ரத்தக் குருத்தணுக்களில் (ரத்த செல்களை உண்டாக்கும் மூல செல்களில்) ஒரு மரபணு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று பார்க்க, கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையில் சுண்டெலி உருவாக்கினோம். கருவுற்ற முட்டைக்குள் டிஎன்ஏவை வெட்டும் காஸ்-9 நொதியைச் செலுத்தி, வாடகைத் தாய் எலிக்கு மாற்றி, பிறந்த குட்டிகளின் வால் நுனியை வெட்டி மாற்றம் இருக்கிறதா என்று பிசிஆர் என்ற டிஎன்ஏ சோதனை போட்டோம். ஓர் ஆண் குட்டியில் நினைத்த இடத்தில் நினைத்த மாற்றம்! அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆறேழு வாரம் வளர்த்து, இணை சேர்த்து, இன்னும் மூன்று வாரம் காத்திருந்து பார்த்தால், முதல் ஈற்றில் எல்லாமே சாதாரண எலிகள். இரண்டாவது ஈற்றும் அப்படியே. பிசிஆரில்தான் கோளாறு என்று திரும்பத் திரும்பப் போட்டேன். கோளாறு அதில் இல்லை. முட்டை இரண்டாக, நான்காகப் பிரிந்த பிறகும் காஸ்-9 வெட்டிக்கொண்டே இருக்கலாம். செல்லுக்குச் செல் மாற்றம் வேறுபடும். எங்கள் எலி ஒரு மொசைக். வாலில் இருந்த மாற்றம் விந்தணுவை உண்டாக்கும் செல்களில் இல்லவே இல்லை. அதன் பிறகு ஒரே ஃபவுண்டரை (திருத்திய முட்டையிலிருந்து நேராகப் பிறந்த முதல் தலைமுறை எலியை) நம்பி நான் இறங்கியதில்லை. (முதல் தலைமுறை எலியிலேயே முடிவு எழுதிவிடும் கட்டுரைகளைக் கண்டால் இன்றும் கடுப்புதான்.)

* * *

உங்களுக்குப் போனது மாதங்கள். எனக்குக் கூண்டே காலியானது. மனித ரத்தக் குருத்தணுவை உடலில் ஏற்ற என்எஸ்ஜி என்ற வகை எலிகள் வாங்கினோம். டி, பி, என்கே என்ற நோய் எதிர்ப்பு செல்கள் மூன்றும் இல்லாததால் அவை மனித செல்லை விரட்டாது. மஜ்ஜையில் இடம் உண்டாக்க முதலில் கதிர்வீச்சு. சாதாரண எலிக்குக் குறித்து வைத்திருந்த அளவையே கொடுத்துவிட்டேன். எடை மளமளவென இறங்கியது. எல்லாவற்றையும் கருணைக்கொலை செய்ய வேண்டியதாயிற்று. என்எஸ்ஜி என்ற பெயரில் 'எஸ்' குறிக்கும் 'ஸ்கிட்' என்ற மரபணுப் பிறழ்வு நோய் எதிர்ப்பை மட்டும் கெடுப்பதில்லை. டிஎன்ஏவின் இரு இழையும் அறுந்தால் ஒட்டவைக்கும் வேலையும் உடல் முழுக்கப் படுத்துவிடுகிறது. பிறகு ஸ்கிட் பிறழ்வுக்குப் பதிலாக ராக்1 என்ற மரபணுவை நீக்கிய என்ஆர்ஜி எலிக்கு மாறினோம். அது கதிர்வீச்சைக் கூடுதலாகத் தாங்கும்.

* * *

என் கதை சின்னது. குடல் குருத்தணுவை அடையாளம் காட்ட 2007-இல் விஞ்ஞானி ஹான்ஸ் கிளெவர்ஸ் குழு பயன்படுத்திய எல்ஜிஆர்5 எலி. எல்ஜிஆர்5 மரபணு இயங்கும் குருத்தணு அதில் பச்சையாக ஒளிரும். பச்சையாக ஒளிராத குடல் சுவர்க் குழிகளைப் பார்த்து, நாங்கள் கொடுத்த மருந்தால் குருத்தணு அழிந்துவிட்டது என்று கட்டுரைக்கான படமே தயாரித்துவிட்டேன். மருந்து தராத எலியை ஒருவர் கேட்டார். அதுவும் திட்டுத்திட்டாகத்தான் ஒளிர்ந்தது! இந்த எலியில் பல குழிகளில் ஒளிர்வு மரபணு ஊமையாகிவிடுமாம். குருத்தணு அங்கேயேதான் இருக்கும். மருந்து தராத எலியை முதலிலேயே வெட்டிப் பார்த்திருந்தால் ஒரு பிற்பகலோடு போயிருக்கும்.