அல்ட்ராசோனிக் கிளீனரில் (ஒலியலையால் அழுக்கை நீக்கும் மெஷின்) 12 போர் துப்பாக்கியின் உதிரிகளைக் கழுவலாமா?

மலையடிவாரம்:
பேரையூர்ப் பக்கம், தோட்டக் காவலுக்கு லைசென்ஸ் எடுத்த இரட்டைக் குழல் 12 போர். தேர்தலுக்கு ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்பி வந்ததில், பழைய எண்ணெய் பிசினாக இறுகி எக்ஸ்ட்ராக்டர் (தோட்டாவை விளிம்பில் பிடித்து வெளியே தள்ளும் உறுப்பு) நகர மாட்டேங்குது. தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைகளில் வைத்திருக்கிற மாதிரி 2 லிட்டர் மெஷின் இருக்கு. என்ன ஊற்றணும், எவ்வளவு நேரம்? குழலையும் போடலாமா?

கடைசல்:
குழல் வேண்டவே வேண்டாம் அண்ணே. இந்தத் தொட்டியில் அடங்காது. பெரிய தொட்டி கிடைத்தாலும் போடாதீங்க. குழல்களுக்கு நடுவிலுள்ள பட்டையை ஈயப்பற்று வைத்து ஒட்டியிருப்பாங்க. சூடான காரத் திரவம் ஈயப்பற்றை அரிக்கும், பட்டைக்கு அடியில் புகுந்த தண்ணீர் அங்கேயே நின்று துரு ஏற்றும். குழலுக்கு பிரஷ், சால்வென்ட், துணிதான். ஈயப் படிவும் தோட்டாவின் பிளாஸ்டிக் கறையும் தேய்த்தால்தான் போகும்.

முதலில் இரண்டு குழலிலும் தோட்டா நிற்கும் இடம் காலியா என்று திறந்து கண்ணால் பாருங்க. தோட்டாக்கள் வீட்டில் வேறு அறையில் இருக்கட்டும். உதிரிகளைக் கழற்றும்போது திருப்புளி முனை திருகின் காடிக்குச் சரியாகப் பொருந்தணும், இல்லைன்னா திருகின் தலை சிதையும்.

தொட்டியில் ஒன்றரை லிட்டர் தண்ணீர், 10 மில்லி பாத்திரம் கழுவும் திரவம், 50 டிகிரி சூடு. உதிரி போடாமல் 5 நிமிடம் ஓடவிட்டால் தண்ணீரிலுள்ள காற்று வெளியேறும். காற்று இருந்தால் அலைக்கு வேகம் இருக்காது. பிறகு உதிரிகளைக் கூடையில் வைத்து, அடித்தட்டில் படாமல் இறக்கி 5 நிமிடம், புரட்டிப் போட்டு இன்னொரு 5 நிமிடம். உதிரிகளின் இடுக்கிலிருந்து பழுப்புப் புகை மாதிரி அழுக்கு கிளம்புவது தெரியும். பெட்ரோல், தின்னர், மண்ணெண்ணெய் ஊற்றினால் தீப்பிடிக்கும். துரு நீக்கி, எலுமிச்சை, வினிகர் மூன்றும் துப்பாக்கி இரும்பின் மேலுள்ள நீலப் பூச்சையே கரைத்துவிடும். அந்தப் பூச்சும் இரும்பு ஆக்சைடுதானே.

வைகைக்கரை:
கெடுவது கழுவும்போது இல்லை, கழுவி எடுத்த பிறகுதான். எண்ணெய்ப் பசை துளிகூட இல்லாத இரும்பு சில நிமிடத்திலேயே மஞ்சள் பூக்கும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் அலசினால் உப்பு வெள்ளையாகப் படியும். கடைசி அலசலுக்கு பேட்டரி தண்ணீர் வாங்குங்க. ஹேர் டிரையரால் உலர்த்தி, சூடு ஆறுவதற்குள் தையல் மெஷின் எண்ணெயில் முக்கி ஒரு மணி நேரம் விட்டுத் துடைங்க. தேங்காய் எண்ணெய் வேண்டாம், மார்கழிக் குளிரில் உறையும். அழுக்குத் தண்ணீரில் ஈயம் இருக்கும். கையுறை போடுங்க, கிணற்றடியிலோ தோட்டத்திலோ கொட்டாதீங்க.

மலையடிவாரம்:
தோட்டாவை அடிக்கிற ஊசிகளும் ஸ்பிரிங்கும் பளிச்சென்று வந்துவிட்டன. எக்ஸ்ட்ராக்டர் மட்டும் இன்னும் பாதியில் பிடிக்குது.

கடைசல்:
அப்படின்னா பிசின் இல்லை, அதன் தண்டு போகும் துளைக்குள் துரு. அரம் போடாதீங்க, கொஞ்சம் தேய்ந்தாலும் தோட்டா விளிம்பைப் பிடிக்காமல் நழுவிடும். லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்துடுங்க.