22 வயசான பாய்ப்படகு வாங்க தனியா சர்வே எடுக்கணுமா?

கேள்வி (காட்பாடி):
சென்னையில் தண்ணீரில் நிற்கும் 28 அடி ஃபைபர் பாய்ப்படகுக்கு விலை பேசி வருகிறோம். வயது 22, உள்ளே டீசல் இன்ஜின். போன வருஷம் எடுத்த சர்வே (படகின் நிலையைச் சோதிப்பது) ரிப்போர்ட் இருக்கிறது, அதுவே போதும் என்கிறார் விற்பவர். நாங்கள் வேறு செலவு செய்ய வேண்டுமா?

பதில் (ராணிப்பேட்டை):
கட்டாயம் செய்யுங்க சார். பொய்கைச் சந்தையில் மாட்டுப் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் யாரும் பணத்தை அவிழ்ப்பதில்லை. அந்த ரிப்போர்ட் காசு கொடுத்தவருக்காக எழுதினது. நாளைக்குக் குறை தெரிந்தால் அந்த சர்வேயரைப் பிடித்துக் கேட்க உங்களுக்கு வழி இருக்காது.

படகைக் கிரேனில் தூக்கி, அடியில் ஒட்டியதைக் கழுவிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். சர்வேயர் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போவார். நல்ல இடம் கணீரென்று கேட்கும், அடுக்கு பிரிந்த இடம் மொத்தென்று கேட்கும். அடியில் கொப்புளம் இருந்து, குத்தினால் வினிகர் வாசனையோடு நீர் வந்தால் ஆஸ்மோசிஸ், அதாவது ஃபைபருக்குள் நீர் ஊறியிருக்கு. பெரும்பாலும் அது படகை மூழ்கடிக்காது, விலையைக் குறைக்க உதவும். பயப்பட வேண்டியது டெக், அதாவது மேல்தளம்: ஸ்க்ரூ ஓட்டை வழியாக நீர் இறங்கி, ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவிலிருக்கும் பால்சா என்ற லேசான மரம் மக்கியிருந்தால், மிதித்ததும் அமுங்கும். அந்த ரிப்பேர் கையைக் கடிக்கும்.

பதில் (குடியாத்தம்):
அண்ணன் சொன்னதோடு நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் வால்வுகளையும் பாருங்க. வெண்கலம் என்றால் நிம்மதி. பித்தளையானால் உப்புநீரில் துத்தநாகம் கரைந்துபோகும். கத்தியால் சுரண்டினால் ரோஸ் நிறம் தெரியும், ஒரு தட்டில் உடைந்துவிடும். கீல் (படகு கவிழாமல் அடியில் தொங்கும் கனமான பாகம்) சேரும் இடத்தில் விரிசலோடு துரு வழிந்திருந்தால், உள்ளே போல்ட்டையும் பார்க்கச் சொல்லுங்க. மாஸ்ட்டை, அதாவது பாய்மரத்தைப் பிடிக்கும் கம்பிகளை எப்போது மாற்றினார்கள் என்று பில்லோடு கேளுங்க. 10, 15 வருஷம் தாண்டியிருந்தால் மாற்றும் செலவை விலையில் கழிங்க.

இன்ஜின் பொதுவாக சர்வேயில் சேராது, அதற்குத் தனி மெக்கானிக். ஸ்டார்ட் பண்ணும் முன்னே கை வைத்துப் பாருங்க, சூடாக இருந்தால் முன்னாடியே ஓட்டி வைத்திருக்கிறார்கள், ஸ்டார்ட் ஆகச் சிரமப்படுவதை மறைக்க இருக்கலாம். ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கு.

கேள்வி கேட்டவர்:
அப்போ விற்பவர் எடுத்த சர்வேக்குப் பயனே இல்லையா?

பதில் (ராணிப்பேட்டை):
அவருக்குப் பயன் உண்டு, குறையை முன்கூட்டியே சரி செய்துகொள்ளலாம். டிங்கி மாதிரி சின்னத் திறந்த படகு என்றால் சர்வேயே வேண்டாம். உங்களுக்கு இன்ஷூரன்ஸ்காரரும் புது ரிப்போர்ட் கேட்க வாய்ப்பு அதிகம். அட்வான்ஸ் கொடுக்கும்போதே ‘சர்வே திருப்தியாக இருந்தால் மட்டும்’ என்று எழுதி வாங்குங்க. கிரேன் கூலி வழக்கமாக வாங்குபவர் தலையில்தான். தூக்கவே விடமாட்டேன் என்றால் அந்தப் படகை விட்டுடுங்க. சர்வே அன்றைக்குக் காலை ரயிலேறிக் கூடவே போய் நில்லுங்க சார். ரிப்போர்ட்டில் எழுதத் தயங்குவதை நேரில் கேட்டால் சொல்வார்.