பகுதிநேர கார் டீடெய்லிங்: விலையை எதை வைத்துப் போடுவது?

வாரக்கடைசி_நுரை (கேள்வி):

சனி, ஞாயிறு மட்டும் டீடெய்லிங் (காரை உள்ளும் வெளியும் நுணுக்கமாகச் சுத்தம் செய்து மெருகேற்றுவது) எடுக்கிறேன். வாடிக்கையாளர் வீட்டுக்கே போய்ச் செய்வதுதான். நாளுக்கு ஒரு வண்டி, மாதத்துக்கு எட்டு. அதற்கு மேல் உடம்பும் நேரமும் இடம் கொடுக்காது. பிரஷர் வாஷர், வேக்குவம், சின்ன எக்ஸ்ட்ராக்டர் (சீட்டில் தண்ணீர் அடித்து அழுக்கோடு உறிஞ்சும் இயந்திரம்), 5 அங்குல பேட் போடும் டிஏ பாலிஷர் (ஆடிக்கொண்டே சுழலும் பாலிஷ் இயந்திரம்) ஒன்று இருக்கிறது.

நாணயம் போடாமல் எழுதுகிறேன், எல்லா ஊர்க்காரர்களுக்கும் பொருந்தட்டும். என் ஒரு மணி நேரக் கூலி 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். செடான் ஒன்றை உள்ளும் வெளியும் முழுதாகச் செய்ய 4 மணி நேரம் பிடிக்கிறது, அதனால் 400 வாங்குகிறேன். பக்கத்தில் கடை வைத்திருப்பவர்களும் கிட்டத்தட்ட அதைத்தான் வாங்குகிறார்கள். ஆனால் மாதக் கடைசியில் கையில் நிற்பது மிகக் குறைவு.

தப்பு எங்கே? பெரிய வண்டிக்கு எவ்வளவு கூட்டுவது? பாலிஷ், செராமிக் கோட்டிங் (பெயிண்ட் மேல் பூசும் கெட்டியான பாதுகாப்புப் படலம்) கேட்பவர்களுக்கு எப்படி விலை சொல்வது? புதிய வாடிக்கையாளருக்கு 10 சதவீதம் தள்ளுபடி கொடுக்கலாமா?

---

துணி_மடிப்பு:

தப்பு அந்த 4 மணி நேரத்தில்தான் இருக்கிறது. வண்டியில் கை வைத்த நேரத்தை மட்டும் எண்ணியிருக்கிறீர்கள். வீட்டுக்கே போய்ச் செய்யும் வேலைக்கு நான் இப்படி எண்ணுவேன்:

போக, வர: 40 நிமிடம்
சாமான் இறக்கி, தண்ணீர், மின்சாரம் இணைக்க: 20
எல்லாம் கழுவி, சுருட்டி ஏற்ற: 25
துணி, பேட் துவைத்து, காயவைத்து, பிரித்து மடிக்க: 35
போன் பேச்சு, படம் பார்ப்பது, விலை சொல்வது, பில்: 20

மொத்தம் 140 நிமிடம். ஆக, உங்கள் வண்டி 4 மணி நேர வேலை இல்லை, 6 மணி 20 நிமிட வேலை. கூலி மட்டுமே 633.

அடுத்தது செலவு. திரவங்கள் பார்ப்பதை விட மலிவு. 5 லிட்டர் ஆல் பர்ப்பஸ் கிளீனரை 1:10 கலந்தால் 55 லிட்டர் வருகிறது. ஒரு வண்டியின் உள்பக்கத்துக்கு 300 மில்லி கலவை அடித்தால் அதில் மூல திரவம் 27 மில்லிதான். பணம் கரைவது துணியில். ஒரு முழு வேலைக்கு 15 முதல் 20 மைக்ரோஃபைபர் துணி போகும். துணியின் விலையை அது தாங்கும் துவைப்புகளின் எண்ணிக்கையால் வகுத்து ஒவ்வொரு வண்டியிலும் ஏற்றுங்கள். துணி மென்மையாக்கும் திரவத்தைத் துவைக்கும்போது ஊற்றினால் இழைகளில் படலம் ஒட்டி, துணி தண்ணீரை இழுக்காது, கண்ணாடியில் கோடு விழும். அந்தத் துணியைத் தூக்கிப் போடுவதும் உங்கள் விலைக்குள்தான் வருகிறது. இவையெல்லாம் சேர்த்து ஒரு வண்டிக்கு 40 என்று வைப்போம்.

நிலையான செலவு தனி: காப்பீடு, இயந்திரத் தேய்மானம், வண்டி, போன். மாதம் 480 என்று வைத்து எட்டு வண்டியால் வகுத்தால் 60. ஆனால் எட்டால் வகுக்காதீர்கள். மழை, கடைசி நேர ரத்து, சொந்த வேலை என்று மாதத்தில் இரண்டு போய்விடும். ஆறால் வகுங்கள்: 80.

633 + 40 + 80 = 753. இது அடக்க விலை. இதில் லாபம் இல்லை. புதிய இயந்திரம் வாங்க, ஒரு பிழையைச் சரிசெய்யக் கையில் ஏதாவது வேண்டும். விலையில் 15 சதவீதம் லாபம் நிற்க வேண்டுமானால் 753 மேல் 15 சதவீதம் கூட்டக் கூடாது, 0.85 ஆல் வகுக்க வேண்டும். 886 வருகிறது. கூட்டினால் 866தான் வரும், அதில் லாபம் 13 சதவீதம். பலர் சறுக்கும் இடம் இது.

இப்போது உங்கள் 400ஐத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். செலவு 120 போனால் 280. அதை 6.33 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 44. உங்கள் கூலியில் பாதி கூட இல்லை.

கடைக்காரர் 400க்குச் செய்கிறார் என்றால் அவருக்குப் பயணம் இல்லை, விரித்துச் சுருட்டும் வேலை இல்லை, வாடகையை மாதம் எண்பது வண்டிக்குப் பிரிக்கிறார். அவர் விலையைப் பார்த்து உங்கள் விலையை வைத்தால் அவருடைய கணக்கை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்கிறீர்கள்.

---

ரப்பர்_பிரஷ்:

மேலே சொன்ன கணக்கு சரிங்க. ஆனா அது சராசரி வண்டிக்கு. அளவை விட வண்டியோட நிலைமைதான் நேரத்தைத் தின்னும். ரெண்டு குழந்தை, ஒரு நாயோட ஓடுற சின்ன ஹேட்ச்பேக், ஒரே ஆள் ஓட்டுற பெரிய எஸ்யூவியை விட ரெண்டு மணி நேரம் அதிகம் எடுக்கும்.

அளவுக்கு எளிமையா வெச்சுக்கலாம்: செடான் 1, ஹேட்ச்பேக் 0.9, எஸ்யூவி 1.25, மூணு வரிசை வேன் 1.5. கை வேலைக்கு மட்டும் இதால பெருக்கணும். பயணமும் சாமான் இறக்குறதும் வண்டி பெருசானா கூடாது.

நிலைமைக்கு விலைச்சீட்டுல தனி வரி போடுங்க. போன்ல விலை கேட்டா அஞ்சு படம் கேளுங்க: ஓட்டுநர் பக்கத் தரை, பின் சீட், சீட்டுக்கு அடியில, டிக்கித் தரை, சக்கரம் ஒண்ணு. டிக்கி படத்தை யாரும் தானா அனுப்ப மாட்டாங்க, ஆனா நாய் முடி அங்கதான் இருக்கும். தரைவிரிப்பு இழைக்குள்ள பின்னிப் போன முடி வேக்குவத்துக்கு வராது. ரப்பர் பிரஷ்ஷால ஒரே திசையில இழுத்து உருட்டித்தான் எடுக்கணும். அதுக்கு 60 முதல் 90 நிமிடம் கூட்டுங்க. கடல் மணல்னா 30 நிமிடம், தரைவிரிப்பைத் தட்டிக்கிட்டே உறிஞ்சணும்.

சீட் கறை எடுக்க எக்ஸ்ட்ராக்டர் போட்டா காயிற நேரத்தையும் விலையில சேருங்க. தண்ணி அதிகமா இறக்கிட்டா ஸ்பாஞ்சு ஈரமாவே இருந்து ரெண்டு நாள்ல வாடை அடிக்கும். திரும்பப் போய்ச் சரி பண்றது இலவச வேலை. தண்ணி இறக்குற ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணி விடாம உறிஞ்ச மட்டும் செய்யுற ரெண்டு மூணு வெறும் இழுப்பு போடணும். சீட்டுக்குள்ள சென்சார், சீட் ஹீட்டர் ஒயர் இருக்கிறதையும் மறக்காதீங்க.

கொட்டிப் போன பால், வாந்தி, பூஞ்சணம், சிகரெட் வாடை: இதுக்கு முழு வேலை விலைக்குள்ள இடம் கிடையாது, மணிக்கணக்குல தனியா. சிகரெட் வாடைக்கு உத்தரவாதம் கொடுக்கவே கூடாது. மேற்கூரைத் துணியைத் தேச்சா பின்னாடி இருக்கிற பசை விட்டு தொங்கிடும், அதனால அங்க ஆழமா சுத்தம் பண்ண முடியாது, வாடை அங்கேயே தங்கும்.

விலை சொல்றப்ப ஒரே எண்ணைச் சொல்லாதீங்க. “படத்துல பார்த்தபடி 900லிருந்து 1050. நேர்ல பார்த்ததும் எண்ணை உறுதி பண்றேன், நீங்க சரின்னா ஆரம்பிக்கிறேன்” அப்படின்னு எழுத்துல அனுப்புங்க. குழாயைத் திறந்துட்டு விலை பேசுறது ரெண்டு பேருக்கும் சங்கடம்.

---

மைக்ரான்_கணக்கு:

பாலிஷ் பற்றி மட்டும் எழுதுகிறேன், நஷ்டம் பெரிதாக விழும் இடம் அதுதான்.

பாலிஷ் என்றால் க்ளியர் கோட்டை, அதாவது பெயிண்டின் மேலிருக்கும் நிறமற்ற அடுக்கை, சீவுவது. ஆலை பெயிண்டில் க்ளியர் கோட் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான்தான் இருக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). பெயிண்ட் தடிமன் அளவுமானி வைத்து ஒவ்வொரு பேனலையும் பாருங்கள். மொத்தத் தடிமன் ஆலை பெயிண்டில் பெரும்பாலும் 90 முதல் 160 மைக்ரானுக்குள் வரும். ஒரு கதவு மட்டும் 300 காட்டினால் மறுபெயிண்ட், ஆயிரத்தைத் தாண்டினால் அடியில் பள்ளம் நிரப்பும் பட்டி. தடிமன் கூட இருக்கிறது என்று தைரியமாகத் தேய்க்க வேண்டாம், அளவுமானி மொத்தத்தைத்தான் சொல்கிறது, மேலே க்ளியர் எவ்வளவு என்று சொல்லாது. அளவுமானி இல்லாமல் கட்டிங் காம்பவுண்ட் (அழுத்தமாகச் சீவும் பாலிஷ்) வேலைக்கு விலை சொல்லாதீர்கள். விளிம்பில் க்ளியர் போய்விட்டால் ஒரு பேனல் பெயிண்ட் செலவு உங்கள் தலையில்.

விலைக்கு முன் சோதனைத் திட்டு ஒன்று போடுங்கள். கழுவி, இரும்புத் தூள் நீக்கி, கிளே (ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற பொருள்) போட்ட பானட்டில் 2 அடிக்கு 2 அடி. மிதமான பேடும் பாலிஷும் வைத்து நான்கு முதல் ஆறு முறை ஓட்டி, பேனல் வைப் என்ற எண்ணெய் நீக்கும் திரவத்தால் எண்ணெயைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். துடைக்காமல் பார்த்தால் பாலிஷில் உள்ள எண்ணெய் கோடுகளை மறைத்து ஏமாற்றும். வட்டக் கோடுகளில் முக்கால்வாசி போயிருந்தால் ஒரு படி வேலை போதும், செடானுக்குக் கழுவியது போக 5 முதல் 6 மணி நேரம். போகவில்லை என்றால் இரண்டு படி, 12 மணி நேரத்துக்குக் குறையாது. சோதனைத் திட்டுக்கும் கட்டணம் வாங்குங்கள், வேலை உறுதியானால் கழித்துக்கொள்ளலாம்.

பகுதிநேரக்காரருக்கு இரண்டு படி வேலை என்றால் சனி, ஞாயிறு இரண்டும் போகும். ஆகவே அதன் விலை, அந்த இரண்டு நாளில் நீங்கள் விட்டுவிடும் இரண்டு முழு வேலைகளின் விலைக்குக் கீழே வரக் கூடாது.

விலைச்சீட்டில் “கீறல் நீக்கம்” என்ற சொல் வேண்டாம். நகம் மாட்டும் கீறல் பாலிஷில் போகாது. “பளபளப்பு மீட்பு, மேலோட்டமான கோடுகளில் 70 சதவீதம் குறையும்” என்று எழுதினால் சண்டை வராது.

செராமிக் கோட்டிங்கில் பாட்டில் விலையைப் பார்த்து விலை போடுகிறார்கள். ஒரு வண்டிக்கு 30 முதல் 50 மில்லி போகும், அது சிறு பங்கு. வேலை எல்லாம் அதற்கு முந்தைய பாலிஷில். திறந்த பாட்டில் காற்றுப் பட்டால் உறையத் தொடங்கும், மீதியை அடுத்த மாதத்துக்கு நம்ப முடியாது. முழு பாட்டிலையும் அந்த வண்டியிலேயே ஏற்றுங்கள். துடைக்கத் தாமதித்த இடம் திட்டாக உறைந்தால் மறுபடி பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும். முதல் 12 முதல் 24 மணி நேரம் தண்ணீர் படக் கூடாது. வாடிக்கையாளர் வீட்டு வாசலில், திறந்தவெளியில் இரவுப் பனியைத் தடுக்க உங்களால் முடியாது. மூடிய இடம் கிடைக்காத வரை செராமிக் வேலையை எடுக்காதீர்கள், ஆறு மாதம் நிற்கும் ஸ்ப்ரே சீலன்ட் (தெளித்துத் துடைக்கும் பாதுகாப்புப் பூச்சு) விற்கலாம்.

---

வாரக்கடைசி_நுரை:

அனைவருக்கும் நன்றி. அந்த 140 நிமிடம் என் கணக்கில் வரவே இல்லை. இரண்டு சந்தேகம். ஒரே வீட்டில் இரண்டு வண்டி கேட்கிறார்கள், அதற்குக் குறைக்கலாமா? இப்போது இருக்கும் வாடிக்கையாளரிடம் 400லிருந்து 886க்கு எப்படித் தாவுவது?

---

துணி_மடிப்பு:

ஒரே நாளில் ஒரே இடத்தில் என்றால் குறைக்கலாம், அந்தக் குறைப்புக்குக் காரணம் இருக்கிறது. பயணம் 40 நிமிடம் மிச்சம், விரித்துச் சுருட்டுவதில் பாதி மிச்சம். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம், அதாவது 100. அதில் பாதியை, 50ஐ, இரண்டாவது வண்டியில் விட்டுக்கொடுங்கள். ஆனால் இரண்டையும் முழு வேலையாக ஒரே நாளில் உங்களால் முடியாது. ஒன்றுக்கு முழு வேலை, மற்றதற்குக் கழுவல் என்று பேசுங்கள்.

நேரத்தை மிச்சப்படுத்தாத தள்ளுபடி வேறு. கூலியும் செலவும் போக 100க்கு 30 நிற்கிறது என்றால், 10 சதவீதம் தள்ளினால் 20தான் நிற்கும். பழைய லாபத்தை எட்ட ஒன்றரை மடங்கு வண்டி செய்ய வேண்டும். மாதம் எட்டே வண்டி செய்யும் உங்களுக்குப் பன்னிரண்டுக்கு நேரம் ஏது? அதே 10 சதவீதத்தை ஏற்றினால் 40 நிற்கும், நாலில் ஒருவர் போய்விட்டாலும் லாபம் குறையாது, வேலை நேரம் குறையும்.

பழையவர்களுக்கு ஒரே தாவலாக வேண்டாம். “முழு வேலை” என்பதை உடையுங்கள். எக்ஸ்ட்ராக்டர், கிளே, டிக்கி மூன்றையும் விலைச்சீட்டில் தனி வரிகளாக்குங்கள். இவை இல்லாத அடிப்படை வேலை 2 மணி 15 நிமிடத்தில் முடியும். மறைந்த நேரத்தோடு 4 மணி 35 நிமிடம், கூலி 458. துணியும் திரவமும் குறைவதால் 25, நிலையான செலவு 80. 563ஐ 0.85 ஆல் வகுத்தால் 662. புதிதாகக் கேட்பவருக்கு இன்று முதல் முழு விலை, பழையவருக்கு இரண்டு மாத அவகாசம்.

---

ரப்பர்_பிரஷ்:

அதோட மாதாமாதம் வரச் சொல்றவங்களுக்கு ஒரு பராமரிப்பு விலை வைங்க, வண்டி அழுக்காகுறதுக்குள்ள கை வைக்கிறதால நேரம் உண்மையிலேயே குறையும். ஆனா நிபந்தனையை எழுதிடுங்க: கடைசி வேலை முடிஞ்சு 35 நாளுக்குள்ள வந்தாத்தான் அந்த விலை, தாண்டினா முழு விலை.

முன்பணம் 25 சதவீதம் வாங்குங்க. 48 மணி நேரத்துக்குள்ள ரத்து பண்ணா திரும்பக் கிடையாது, மழைன்னா தேதி மாத்திக்கலாம். மாதத்துல ஆறே இடம் வெச்சிருக்கிற ஆளுக்கு ஒரு சனிக்கிழமை சும்மா போனா ஆறுல ஒரு பங்கு வருமானம் போச்சு.

காப்பீடு எடுக்கிறப்ப ஒண்ணு கேட்டுக்கோங்க: சாதாரண பொறுப்புக் காப்பீடு பல நேரம் உங்க கைப்பொறுப்புல இருக்கிற அடுத்தவர் வண்டிக்குப் பொருந்தாது. அதைத் தனியா சேர்க்கணும், அந்தப் பிரீமியம் தெரிஞ்ச பிறகு அந்த 480ஐத் திருத்திக்கோங்க.