பியூட்டனாலும் தண்ணீரும்: மேல் அடுக்கு எப்படிப் பெருத்தது?

குடுவை:
மூடி போட்ட அளவு ஜாடியில் 10 மி.லி. தண்ணீரும் 10 மி.லி. பியூட்டனாலும் (நான்கு கார்பன் உள்ள ஆல்கஹால்) ஊற்றி நன்றாகக் குலுக்கி வைத்தேன். இரண்டு அடுக்காகப் பிரிந்தது. ஆனால் மேலே நிற்கும் பியூட்டனால் அடுக்கு 11 மி.லி.யைத் தொட்டுவிட்டது! தண்ணீரில் கொஞ்சம் கரைந்து குறையத்தானே வேண்டும்?

இன்னொன்று. பக்கத்து மேசை நண்பரும் பியூட்டனால்தான் எடுத்தார். அவருடையது முழுசாகக் கலந்துவிட்டது. சாதாரண ஆல்கஹாலான எத்தனாலின் இருமுனைத் திருப்புத்திறன் (மூலக்கூறில் மின்னூட்டம் எவ்வளவு பிரிந்திருக்கிறது என்பதன் அளவு; அலகு டிபை) 1.69 டிபை, பியூட்டனாலுக்கு 1.66. இவ்வளவு நெருக்கமாக இருந்தும் எத்தனால் கலக்கிறது, என்னுடையது பிரிகிறது. குப்பி கெட்டுப்போயிருக்குமோ?

பழைய பிரிபுனல்:
குப்பியில் கோளாறு இல்லை. நண்பரிடம் ஒன்று கேளுங்கள்: ஊற்றுவதற்கு முன் அவருடைய பியூட்டனால் கட்டியாக இருந்ததா?

குடுவை:
ஆமாம், வெந்நீரில் வைத்து உருக்கித்தான் ஊற்றினார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

பழைய பிரிபுனல்:
அப்படியென்றால் அது டெர்ட்-பியூட்டனால். 25 டிகிரியை ஒட்டியே உறைந்துவிடும். உங்களுடையது என்-பியூட்டனால், அது உறைய மைனஸ் 89 டிகிரி வேண்டும். இரண்டிலும் நான்கு கார்பன், ஒரு ஓஎச் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன்) தொகுதி. ஆனால் டெர்ட் மூலக்கூறு பந்து மாதிரி சுருண்டிருப்பதால் தண்ணீருக்குப் பிடிக்காத பரப்பு குறைவு. உங்களுடையதில் கார்பன் வால் நீண்டு கிடக்கிறது. அந்த வாலைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கி நிற்க வேண்டியிருக்கிறது, அது அவற்றுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் 100 மி.லி. தண்ணீரில் 8 கிராமுக்குள்தான் கரையும். வாலில் ஒரு கார்பன் கூடின பென்டனால் 2 கிராம் அளவில் நின்றுவிடும், இன்னும் ஒன்று கூடின ஹெக்ஸனால் ஒரு கிராமைக்கூட எட்டாது.

நீர்த்துளி:
திருப்புத்திறனை வைத்துக் கரைதிறனைக் கணக்குப் போடாதீர்கள். நானும் அப்படி ஏமாந்தவன்தான். நைட்ரோபென்சீனுக்கு 4 டிபைக்கு மேல், தண்ணீருக்கே 1.85தான். ஆனாலும் நைட்ரோபென்சீன் 100 மி.லி. தண்ணீரில் 0.2 கிராம் அளவுக்குத்தான் கரையும். திருப்புத்திறன் மின்னூட்டம் எவ்வளவு பிரிந்திருக்கிறது என்று சொல்லும். ஹைட்ரஜன் பிணைப்பு எத்தனை, வால் எவ்வளவு நீளம் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

குடுவை:
சரி, புரிகிறது. ஆனால் 11 மி.லி.?

பழைய பிரிபுனல்:
அதை மறந்தே போனேன், மன்னிக்கவும். கரைவது இரண்டு பக்கமும் நடக்கும். பியூட்டனால் தண்ணீருக்குள் போவதைவிடத் தண்ணீர் பியூட்டனாலுக்குள் போவது அதிகம். பியூட்டனால் அடுக்கின் எடையில் சுமார் 20 சதவீதம் தண்ணீராகவே இருக்கும். உங்கள் கணக்கில் மேலே ஏறியது 2 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, கீழே இறங்கியது ஒரு கிராமுக்கும் குறைவு. கீழ் அடுக்கு 9 மி.லி.க்குக் கீழே நிற்க வேண்டும், பாருங்கள்.

குடுவை:
பார்த்தேன். 8.8. நண்பரின் குப்பியில் 'டெர்ட்' என்று சின்ன எழுத்தில் இருக்கிறது, அவரும் இப்போதுதான் கவனித்தாராம்.