சீசனிங் சேம்பரில் சூடு ஏறவில்லை, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. செங்கோட்டையில் சின்ன மரப்பட்டறை வைத்திருக்கிறேன். மரம் உலர்த்தும் சேம்பரில் 3 கிலோவாட் ஹீட்டர் மூன்று, ஃபேஸுக்கு ஒன்று. 60 டிகிரிக்குப் போக வேண்டியது 44-லேயே நின்றுவிடுகிறது.

காலையில் போட்டதும் கிளாம்ப் மீட்டரில் மூன்று லைனும் 13 ஆம்பியர் காட்டுகிறது. ஒரு மணி நேரத்தில் ஒன்று மட்டும் பூஜ்யம். ஆறவிட்டால் மறுபடி வேலை செய்கிறது! காயில் மூன்றும் 18 ஓம், சரியாக இருக்கின்றன. ஹீட்டருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் காண்டாக்டர் சுவிட்சும் மாற்றியாச்சு. ஆனால் அந்த லைனில் லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோக இணைப்பு) பக்கம் ஒயர் தோல் பழுப்பேறி முறுகியிருக்கிறது.

லூஸ் கனெக்‌ஷனா, ஓவர்ஹீட் கட்-அவுட்டா? மின்சாரத்தை அணைத்துவிட்டு முதலில் எதைப் பார்க்கட்டும்?

உள்ளே இருப்பது மாம்பலகை, ஈரம் இன்னும் 28 சதவீதம். இரண்டு நாள் சுணங்கினாலும் பூஞ்சை பிடித்து நீலம் பாய்ந்துவிடும். அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.